செனெக்காவும் பவணந்தியும்

1532ஆம் ஆண்டிலே பாரிசு மாநகரில், 23 வயது இன்னும் நிரம்பாத இளைஞர் ஒருவர் தம் கைப்பொருளைச் செலவிட்டு நூலொன்றை அச்சேற்றினார். அவர் பெயர் யோன் கல்வின். பிற்காலத்திலே ஜெனீவா நகரைத் தம் கொள்கைக்கு உறைவிடமாக்கிய சமய சீர்திருத்தத் தலைவர் அவரே. அத்தகையாரின் முதல் நூல் வேதாகம விளக்கமாகவே இருத்தல் வேண்டும் என்று நாம் எண்ணுவோம். அஃது அன்று. உரோமாபுரியில் நீரோ மன்னனுக்கு ஆசிரியனாயிருந்த செனெக்கா, அம்மன்னனை நோக்கித் தண்ணளியைப் பற்றி எழுதிய நூலுக்கு அவர் வகுத்த உரையே அந்நூல். புலவன் ஒருவன் அரசன் காதிலே அறத்தை ஓதுவதைத் தமிழர் செவியறிவுறூஉ என்று ஒரு துறையாகவே வகுத்தனர். ஆகவே, கல்வின் முதன்முதல் உரை கண்டது ஒரு செவியறிவுறூஉவுக்கு என்று சொன்னால் நம் மாணவர்க்கு அது எளிதில் விளங்கும்.

பிற சமயத்தார் நூலை ஒரு சமயத்தார் கற்கலாமோ, கற்றால் எவ்வளவு கற்கலாம் என்னும் வினா கிறித்தவ உலகிலே மிகப் பழையது. இசுரவேலர் எகிப்தை விட்டு நீங்கும்பொழுது அந்நாட்டாரின் பொன்னையும் வெள்ளியையும் உடன்கொண்டு சென்ற கதையை எடுத்துக்காட்டி, கிரேக்கர் உரோமர் கல்வியையும் அவ்வாறே கொள்ளலாம் என்று அகுஸ்தீன் முனிவர் விடை கூறினார். லூதருக்கு இவ்விடை முழுவதும் உவப்பாயில்லை. செருமானியப் பிரபுக்களுக்கு 1520இல் விடுத்த திருமுகத்திலே, அரிஸ்தோத்தலின் அறநூலையும் மெய்ப்பொருள் நூலையும் சர்வகலாசாலைகளிலிருந்து அகற்றிவிடவேண்டும் என்று எழுதினார். ஆயினும் அதே மூச்சில், அவருடைய தருக்கமும் சொல்லணியும் செய்யுளியலும் இருக்கட்டும் என்றார். லூதரின் வலக்கையாக விளங்கிய மெலாங்தனோ 1518இல் 21 வயதிலே விற்றன்பேர்க் சர்வகலாசாலைக்குக் கிரேக்க ஆசிரியராய் வந்தவர். லூதர் அகற்றுக என்ற அறநூலை அவர் பின்னர்த் தம் மாணவர்க்கு விளக்கியுரைத்தார். ஆசான் வாயிலால் வெளியேற்றியதை மாணாக்கன் சாளரத்தால் உள்ளே கொணர்ந்தான் போலும்.

அரசியற் பக்கம் இதனினும் சுவையுடையது. கல்வின் தம் பெருநூலின் இறுதி அதிகாரத்திலே, கொடுங்கோன் மன்னனைத் தனிமனிதன் எதிர்த்தல் ஆகாது என்று கூறிவிட்டு, உடனே ஒரு விலக்கு வைக்கிறார். மன்னரின் மனம்போன போக்கைத் தடுப்பதற்கென்றே அமைந்த அதிகாரிகள் இருப்பின், தடுப்பது அவர் கடன். தடுக்காமை மக்களுக்குச் செய்யும் துரோகம். இதற்கு அவர் காட்டும் சான்று வேதாகமத்திலிருந்து எடுத்தது அன்று. இசுப்பார்த்தாவின் எபோர்கள், உரோமாபுரியின் திரிபூனர்கள், அதென்சு நகரத்தின் தெமார்க்கர்கள் என்னும் பழைய பதவிகளையே அவர் காட்டுகிறார். வேதாகமத்தையன்றி வேறொன்றையும் சமயத்துக்குப் பிரமாணமாகக் கொள்ளேம் என்றவர், மன்னனைத் தடுக்கும் உரிமை என்று வந்தவிடத்துப் பழைய சரித்திரத்தைத் துணைக்கழைத்தார் என்பது கவனித்தற்குரியது. 1649இல் இங்கிலாந்து மன்னன் சாள்ஸ் தலை இழந்தபொழுது அச்செயலை ஆதரித்தெழுதிய மில்ட்டன் கையிலும் கிரேக்க உரோம நூல்களே ஆயுதமாயின. அதனாற்போலும், 1651இல் வெளிவந்த தம் நூலிலே ஹொப்ஸ் என்னும் அரசியலறிஞர், இளைஞர் கிரேக்கர் உரோமர் நூல்களைக் கற்பதே கலகத்துக்கு ஒரு காரணம் என்றும், அந்நூல்களின் கடி வெறிநாய்க் கடியை ஒக்கும் என்றும் சினந்தெழுதினார். இலக்கிய ஆசிரியர்க்கு இதனினும் உயர்ந்த பாராட்டு எங்கே கிடைக்கும்!

இக்கதை யாழ்ப்பாணத்துக்கு எவ்வாறு வந்தது என்பதே நாம் பேசக் கருதியது. கல்வினின் கொள்கையைத் தழுவிய ஆங்கிலேயர் அமெரிக்காவிலே குடியேறி, 1636இல் ஹாவர்ட் கல்லூரியையும் 1701இல் யேல் கல்லூரியையும் நிறுவினர். அக்கல்லூரிகளிலே குருமாராகப் போவோர்க்கும் இலத்தீனும் கிரேக்கமும் அடிப்படை. அம்மரபிலே பயின்றவர் டானியல் பூவர். அவர் 1816இல் தெல்லிப்பழைக்கு வந்தார். 1823இல் வட்டுக்கோட்டையிலே செமினறி தொடங்கியபொழுது அதற்கு அவரே தலைவரானார். அவ்வாண்டு அச்சிட்ட கல்லூரித் திட்டத்தைப் படிப்போர் வியப்புறுவர். ஆங்கிலமும் விஞ்ஞானமும் ஒருபுறம். செந்தமிழை இலக்கணத்தோடு ஆழக் கற்பித்தல் ஒருபுறம். தெரிந்தெடுத்த சிலர்க்குச் சமஸ்கிருதம். குருத்துவத்துக்குரியவர்க்கு எபிரேயமும் கிரேக்கமும் இலத்தீனும். அமெரிக்காவிலே கிரேக்கத்துக்கு இருந்த இடத்தை இங்கே செந்தமிழுக்குக் கொடுக்கக் கருதினர் என்பது என் துணிபு.

அங்கே கற்ற பிள்ளைகளுக்கு, அவர்தம் படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்க உபகாரிகளின் பெயரைச் சூட்டும் வழக்கம் இருந்தது. அதனாலேதான் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்னும் இரட்டைப் பெயர்கள் நம் இலக்கிய சரித்திரத்தில் வருகின்றன. ஒரு பாதி அத்திலாந்திக் கரையிலும் மறுபாதி வலிகாமத்திலும் நிற்கும் பெயர்கள் அவை. இவருள் நெவின்ஸ், மேனாட்டுத் தருக்கத்தைத் தமிழிலே 'நியாய இலக்கணம்' என்று எழுதினார். லூதர் இருக்கட்டும் என்று விட்டுவைத்த அரிஸ்தோத்தலின் தருக்கம், முந்நூறு ஆண்டு கழித்து வட்டுக்கோட்டையிலே தமிழுரு எடுத்தது.

தமிழ்ப் பாடமாக வைத்தவை எவை? நன்னூல், திருக்குறள், நாலடியார் முதலியன. மிஷனரிமார் தம் சமயத்துக்கு இடையூறு விளையாத நூல்களாகப் பார்த்துத் தேர்ந்தனர் என்று இதனைக் குறை கூறுவோர் உளர். குறையில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் சைவப் பண்டிதராகிய நாம் இவ்விடத்திலே நம் பெட்டகத்தையும் சற்றுத் திறந்து பார்த்தல் வேண்டும். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சைனர். நாலடியார் சைன முனிவர் பாட்டு என்பது வழிவழி வந்த செய்தி. சீவகசிந்தாமணியின் ஆசிரியர் சைனர். அநபாய சோழன் சிந்தாமணியில் ஈடுபட்டிருந்தபொழுது, அது பொய்ந்நூல் என்று சேக்கிழார் தடுத்துத் திருத்தொண்டர் வரலாற்றைப் பாடினார் என்று சேக்கிழார் புராணம் கூறும். அதே சிந்தாமணிக்கு உரை வகுத்தவரோ நச்சினார்க்கினியர். நன்னூலுக்கு முதலில் உரை கண்ட மயிலைநாதர் சைனர். பின்னர் உரை கண்ட சங்கரநமச்சிவாயர் சைவர். அவ்வுரையைத் திருத்தியவர் சித்தாந்த பானுவாகிய சிவஞான முனிவர். அவ்விருத்தியுரையை 1851இல் அச்சேற்றியவர் ஆறுமுக நாவலர். அருகனை வணங்கிய ஒருவரின் நூல் எழுநூறு ஆண்டாக நம் நெற்றித் திருநீற்றுக்கு யாதோர் இடையூறும் செய்யவில்லை. அகுஸ்தீன் பொன்னைப் பற்றிச் சொன்னதை நாம் சொல்லாமலே செய்துவந்தோம் என்க.

ஆயினும் பொன்னை எடுப்பதும் சொல்லை எடுப்பதும் ஒன்றல்ல. பொன்னை உருக்கினால் பழைய முத்திரை அழியும். சொல்லை எவ்வளவு உருக்கினாலும் பழைய முத்திரை உள்ளே கிடக்கும். இதனை முதலில் உணர்ந்தவர்கள் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்களே. யாழ்ப்பாணத்து உவெசிலியன் மிஷனைச் சார்ந்த பேர்சிவல் பாதிரியாருக்கு அப்பணியிலே உடனின்று உழைத்தவர் நாவலர். பேர்சிவலின் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர் அவர். அவர்கள் உழைப்பின் பயனாகிய வேதாகமம், சோதனைப் பதிப்பு என்னும் பொருள்படும் பெயரோடு 1850இல் வெளிவந்தது. அதற்கு முன் வழங்கிய பெப்ரிசியு ஐயரின் மொழிபெயர்ப்பிலே இறைவனுக்குரிய சொல் 'பராபரன்'. இப்புதிய பதிப்பு 'தேவன்' என்றது. 1871இல் வெளிவந்த பவர் பாதிரியாரின் பதிப்பும் இச்சொல்லையே மேற்கொண்டமையால், புரட்டஸ்தாந்தத் திருச்சபைகளிலே இன்றும் அது ஒலிக்கிறது. தமிழ்க் காதுக்கோ தேவர் முப்பத்துமுக்கோடி. தேவன் என்றால் அவருள் ஒருவன். வள்ளுவர் நூலிலே 'கடவுள்' என்னும் சொல் அதிகாரத் தலைப்பில் நிற்கிறதேயன்றிக் குறளுக்குள் வரவில்லை. அச்சொல்லை வேதாகமத்துக்குள் பொதுவழக்காக்கிய திருவிவிலியம், கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் இணைந்து செய்த பொதுமொழிபெயர்ப்பு, வெளிவந்தது 1995இலேதான். ஒரு சொல்லைத் தேடி நூற்றைம்பது ஆண்டு நடந்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பை எளிய தொழில் என்று எண்ணும் மாணவர் இதனை நினைவில் வைத்தல் நன்று.

அப்பதிப்பின் நடை மிக உயர்ந்த நடை என்று தென்னிந்தியத் திருச்சபையார் ஏற்கவில்லை. பண்டிதர் கைபட்டால் வரும் கேடு இதுவே என்று அன்றும் சிலர் சொல்லியிருப்பர். இன்றும் எம்மைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஆனால் அப்பணியின் வேறொரு விளைவை அவர்கள் எதிர்பார்த்திரார். வேதாகமத்தைச் சொல் சொல்லாக எடைபோட்டுப் பார்த்த நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, 1854இல் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டார். திருவிளக்கு, திருவமுது, குருமாரின் ஆடை, ஆலயத் தூய்மை ஆகியவற்றை மிஷனரிமார் இகழ்ந்தபொழுது, பழைய ஏற்பாட்டிலே மோசே வகுத்த பலிமுறைகளையும் விளக்குத்தண்டையும் ஆசாரியரின் ஆடையையும் அவர் எடுத்துக்காட்டி, உங்கள் வேதம் விதித்ததை எங்கள் ஆகமம் விதித்தாற் பிழையோ என்று வினாவினார். வேதநூலையே பிரமாணமாக வைத்து வாதிடும் புரட்டஸ்தாந்தர் முறையை, அவர் அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்.

மறுகரையிலும் ஒருவர் இவ்வாறே நடந்தார். பூவருக்குப் பின் செமினறித் தலைவராயிருந்த ஹொய்சிங்டன் பாதிரியார், சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக் கட்டளை ஆகிய மூன்றையும் ஆங்கிலத்திலே பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்புகள் 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் வெளியீட்டிலே வந்தன. மறுக்கும் நோக்கோடு கற்கத் தொடங்கியவர், கற்றபின் பொருளைச் சிதைக்காமல் எடுத்துரைக்க முயன்றிருக்கிறார். நாவலரின் கண்டனநூலும் ஹொய்சிங்டனின் மொழிபெயர்ப்பும் ஒரே ஆண்டில் வெளிவந்தமை நம் நாட்டுச் சமய சரித்திரத்திலே மறத்தற்கரிய பொருத்தம்.

அடுத்த ஆண்டு செமினறி மூடப்பட்டது. பாஸ்டன் நகரத் தலைமைச் சங்கத்திலிருந்து வந்த றூபஸ் அண்டர்சன் என்பார், மிஷனின் தொழில் சுவிசேடத்தைத் தாய்மொழியிலே பரப்புதலேயன்றி ஆங்கிலக் கல்வியூட்டி உத்தியோகத்துக்கு ஆள் அனுப்புதல் அன்று என்றார். தாய்மொழியின் பெயரால், செந்தமிழைச் சீராகக் கற்பித்த கழகம் ஒன்று மூடப்பட்டது விந்தையே. அண்டர்சன் கூற்றிலே நியாயம் உண்டு. பயின்றவர் பலர் உத்தியோகத்தையே நாடினர். எனினும் தாய்மொழி என்பது பிரசங்கத்துக்கு வேண்டிய அளவு மட்டுமே என்று அவர் கருதியதை என்னால் ஏற்க இயலவில்லை. 1855 பெப்ரவரியிலே பூவர் வாந்திபேதியால் மானிப்பாயில் உயிர்நீத்தார். அவர் வளர்த்த செமினறியும் அவ்வாண்டோடு முடிந்தது. 1872இல் அவ்விடத்திலேயே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்ததற்குப் பழைய மாணவரும் ஊரவரும் எடுத்த முயற்சியே காரணம்.

சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பற்றிப் பாடம் சொல்லும்பொழுது ஒரு மாணவி என்னை இவ்வாறு கேட்டார்: "ஐயா, தாமோதரம்பிள்ளை தொல்காப்பியத்தைக் காப்பாற்றியது சைவராகவா, வட்டுக்கோட்டை மாணாக்கராகவா?" வகுப்பிலே சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்கவில்லை, கேள்வி சரியான கேள்வி. சிறுப்பிட்டியிலே 1832இல் பிறந்து, வட்டுக்கோட்டையிலே கிறித்தவராகப் பயின்று, 1854இல் கோப்பாயில் ஆசிரியராயிருந்த நாளிலேயே குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தைப் பதிப்பித்தவர் அவர். சென்னைச் சர்வகலாசாலை தொடங்கிய காலத்திலே பட்டம்பெற்ற முதலிருவர் அவரும் கறோல் விசுவநாதபிள்ளையும். இருவரும் செமினறி மாணாக்கர். பின்னர்ச் சைவத்துக்கு மீண்டார். 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் அகப்பொருள், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையோடு, 1887இல் கலித்தொகை. இவற்றுள் வீரசோழியம் பௌத்தர் செய்த இலக்கணம் என்பதையும் நோக்குக. ஏடுகள் ஓரம் உதிர்ந்தும் இதழ் முறிந்தும் அழிவதைக் கண்டு அவர் பதிப்புரையிலே புலம்பியதைப் படித்துக் கண்கலங்காத தமிழாசிரியர் இரார்.

மாணவிக்கு நான் கூறிய விடை இது. ஏட்டைப் படிக்கும் கண்ணை அவருக்குக் கொடுத்தது நம் புலவர் மரபு. பாடவேறுபாடு காட்டுவது உரையாசிரியர்க்குப் புதியதன்று. ஆனால் பல ஊர் ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கி அச்சிட்டு எல்லார் கையிலும் சேர்த்துவிடவேண்டும் என்னும் பதற்றம் இருக்கிறதே, அஃது அச்சியந்திரத்தோடு வளர்ந்த வேதாகமக் கல்வியின் கூறு. 1516இல் எராஸ்மஸ் கிரேக்க ஏடுகளை ஒப்புநோக்கிப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றாதிருந்தால் லூதரின் செருமானிய மொழிபெயர்ப்பு எங்ஙனம் பிறந்திருக்கும்? தாமோதரம்பிள்ளையின் மகனார் அழகசுந்தரமோ மறுபடியும் கிறித்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்னும் பெயரோடு குருவானார். அவர் செய்தது என்ன? 1921இல் பிலிப்ஸ் என்பாரோடு சேர்ந்து தேவார திருவாசகப் பாடல்களைத் தெரிந்தெடுத்து ஆங்கிலத்திலே தந்தார். தந்தை மதம் மாறினார், தனயன் மதம் மாறினார். ஏடு மட்டும் கைமாறவில்லை.

புளூட்டாக்கையும் இங்கே சொல்லவேண்டும். கிரேக்க உரோமப் பெருமக்களின் வாழ்க்கை வரலாற்றை இணையிணையாக எழுதிய அவர், மேனாட்டு அரசியலாளர்க்கு ஒரு கைந்நூல். புத்தளத்துச் சைமன் காசிச்செட்டி என்னும் கத்தோலிக்க அறிஞர், தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்திலே தொகுத்து, 'தமிழ் புளூட்டாக்' என்று பெயரிட்டு 1859இல் யாழ்ப்பாணத்திலே அச்சிட்டார். 1886இல் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, 400க்கு மேற்பட்ட புலவர்களைப் பற்றிப் பாவலர் சரித்திர தீபகத்தை எழுதினார். ஆனால் புளூட்டாக் எழுதியது படைத்தலைவரையும் சட்டம் வகுத்தோரையும் பற்றி. நம்மவர் எழுதியது புலவரைப் பற்றி. அரசு இழந்த நாட்டிலே வேறு யாரைப் பற்றி எழுதுவது?

இருபதாம் நூற்றாண்டிலே இம்மரபின் கனிகள் இரண்டைச் சொல்வேன். யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஜே. வி. செல்லையா, பத்துப்பாட்டு முழுவதையும் ஆங்கிலத்திலே பெயர்த்து 1946இல் வெளியிட்டார். தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்து முதல் பேராயர் சபாபதி குலேந்திரன், 1964இல் வெளிவந்த தம் ஆங்கில நூலிலே, கிறித்தவர் கூறும் கிருபையையும் இந்து சமயத்தார் கூறும் அருளையும் எதிரெதிர் வைத்து ஆராய்ந்தார். சைவசித்தாந்தத்தை அவர் மேலோட்டமாகத் தொட்டுச் செல்லவில்லை; உள்ளே இறங்கி வாதிடுகிறார். முடிவிலே அவர் தம் சமயத்தின் பக்கமே நிற்கிறார். நிற்கட்டும். நம் நூலை முழுதும் கற்றபின் நம்மோடு வேறுபடுபவர், கல்லாமல் நம்மைப் புகழ்பவரினும் மேலானவர்.

அரசியலுக்கு வருவோம். 1924இலே மாணாக்கர் காங்கிரசாகத் தொடங்கிப் பின் வாலிபர் காங்கிரசாகிய இயக்கத்துக்கு உயிராயிருந்த ஹண்டி பேரின்பநாயகம், கிறித்தவக் குடியிலே பிறந்து யாழ்ப்பாணக் கல்லூரியிலே கற்பித்தவர். பூரண சுயாட்சி, தாய்மொழிக் கல்வி, சாதிவேற்றுமை ஒழிப்பு என்பன அவர்கள் கொள்கை. 1931இலே வடபகுதியின் 4 தொகுதிகளில் ஒருவரும் அரசாங்க சபைக்கு நிற்காதபடி செய்தனர். அத்தேர்தற் பகிஷ்காரம் நன்மையோ தீமையோ என்று இன்றும் வாதிடுவர்; சூழலை அளவாமல் செய்தது என்பது என் கருத்து. ஆனால் ஹொப்ஸ் அஞ்சிய கடி எது என்பதை அவ்விளைஞர் காட்டினர். கல்லூரியில் மில்ட்டனும் உரோம சரித்திரமும், வீட்டில் செங்கோன்மை கொடுங்கோன்மை அதிகாரங்களும் கற்றவர் வேறென்ன செய்வர்?

பின்னர்ச் சரித்திரம் வேறு வகையிலே அரசியலுக்குள் புகுந்தது. 1949இலே தமிழரசுக் கட்சியைத் தொடக்கிய தந்தை செல்வநாயகமும் புரட்டஸ்தாந்தரே. 1976 மே 14இல், செமினறி இருந்த அதே வட்டுக்கோட்டைத் தொகுதியிலே, பண்ணாகத்தில் அவர் தலைமையில் நிறைவேறிய தீர்மானம் பழைய தமிழரசின் சரித்திரத்தையே தன் வாதத்துக்கு அடிப்படையாக்கியது. அதன்பின் நிகழ்ந்தவை எல்லார்க்கும் தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. செல்லுக்கும் பூச்சிக்கும் தப்பியவற்றைத் தீ கொண்டது.

வட்டுக்கோட்டையிலே பூவர் பெயரால் விளங்கும் நூலகத்துக்குச் செல்லும் மாணாக்கர் பழைய பதிப்புகளைக் கேட்டுப் பார்க்கவேண்டும். மானிப்பாய், உடுவில், தெல்லிப்பழைப் பகுதிகளிலே பழைய வீடுகளில் நியாய இலக்கணமோ, 1842இல் அச்சான மானிப்பாய் அகராதியோ, உதயதாரகையின் பழைய இதழ்களோ பெட்டியடியில் இன்னும் கிடத்தல் கூடும். இடப்பெயர்வுகளிலே நகையை விட்டுப் புத்தகத்தைச் சுமந்தவர்களும் நம்மிடையே இருந்தனர். அத்தகைய பிரதி வைத்திருப்போர், அதனைப் பழைய கடதாசியென்று எறிந்துவிடாமல், அருகிலுள்ள நூலகத்தாரிடம் காட்டிப் படியெடுக்க இடங்கொடுப்பாராக. முன்னட்டை இல்லாத பிரதியாயினும் காட்டலாம். எழுத்தையும் தாளையும் பார்த்து இனங்காணத்தக்கவர் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.